சொட்டுகிற குழாயும் தண்ணீரில் போடுகிற மருந்தும்

குழாய் சொட்ட ஆரம்பித்தால் முதலில் இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகிப் பார்ப்போம். அடங்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று. அதற்கும் மசியாதபோதுதான் ஸ்பேனரைத் தேடுவது, வாஷரை மாற்றுவது எல்லாம். புது வாஷர் உள்ளே போனதும் பழையது குப்பைக்குப் போய்விடும். அதை எறியாதீர்கள் என்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், விரலால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன கலந்து வருகிறது என்று ஓரளவுக்கு அதுவே சொல்லிவிடும்.

நான் வேதியியல் படித்தவன், பிளம்பர் அல்ல. ஆனாலும் வீட்டுக் குழாய் வேலையை வெளியாளிடம் கொடுக்க மனம் வருவதில்லை. கழற்றிய வாஷர்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிற பழக்கமும் உண்டு (வீட்டில் அந்த டப்பாவுக்கு நல்ல பெயர் இல்லை). அதில் இருப்பவற்றில் சிலதைத் தொட்டால் விரலில் கறுப்பு மை ஒட்டும். சிலது விறைத்துப் போயிருக்கும். வளைத்தால் மேலே சன்னமான விரிசல்கள் வாய் திறக்கும். சிலதன் மேல் வெள்ளைப் பொருக்கு. இன்னொரு வகை வேடிக்கையானது: ரப்பர் நன்றாகவே இருக்கும், ஆனால் குழாய் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். நான்குக்கும் காரணம் வேறு வேறு. நாம் என்னவோ நான்குக்கும் சேர்த்து “வாஷர் போயிடுச்சு” என்று ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

திருகிச் சாத்துகிற குழாய்க்குள் நடப்பது எளிமையான காரியம். கைப்பிடியைத் திருகினால் ஸ்பின்டில் என்கிற உள்தண்டு இறங்கும். அதன் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர், சீட் என்கிற பித்தளை வளையத்தின் வாயில் போய் அழுந்தும். ரப்பர் நெகிழ்ந்து கொடுத்து, பித்தளையில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை அடைத்துக்கொள்வதால்தான் தண்ணீர் நிற்கிறது. அந்த நெகிழ்வு போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மயிரிழை இடைவெளி ஒன்று மிஞ்சும். குழாய் மூடியிருக்கும் நேரமெல்லாம் பைப்பின் முழு அழுத்தமும் அந்த இடைவெளியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் வழியே பீறிடுகிற தண்ணீர் நாளடைவில் பித்தளையிலேயே ஒரு கோடு கிழித்துவிடும். அப்புறம் எத்தனை புது வாஷர் போட்டாலும் அந்தக் கோட்டின் வழியாகத் தண்ணீர் கசியும். நான் சொன்ன வேடிக்கையான வகையில் பாதி இதுதான். சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்த ஒரு சிறு கருவி இருக்கிறது. பல பேர் அதைப் பயன்படுத்தாமலே குழாயை மாற்றிவிடுகிறார்கள்.

இந்த வகைக் குழாய்க்கு வயது அதிகம். இங்கிலாந்தின் ராதர்ஹாமில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பு நிறுவனம் 1845-இல் காப்புரிமை பெற்றுச் செய்த குழாயின் வாரிசுதான் இன்று நாம் திருகுவது. அந்தக் காலத்தில் தோலில் வெட்டிய வாஷர் போடுவதும் உண்டு. தண்ணீரில் மருந்து கலப்பது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரினைத் தொடர்ந்து கலக்க ஆரம்பித்தது 1908-இல். அதாவது குழாய் உருவாகி அறுபது வருடம் கழித்துத்தான் அதன் வழியே போகிற தண்ணீரின் குணம் மாறியது. ரப்பர் செய்கிறவர்கள் அந்த மாற்றத்தை எட்டிப் பிடிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. மலிவு வாஷர்களில் பல இன்னும் எட்டிப் பிடிக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். தண்ணீரின் பிஎச் ஏறத்தாழ 7.5 இருக்கும்போது பாதி அமிலமாகவும் பாதி ஹைப்போகுளோரைட் அயனியாகவும் இருக்கும். பிஎச் குறையக் குறைய அமிலத்தின் பங்கு கூடும், அதன் கடுமையும் கூடும். கிருமியின் உடம்பை ஆக்சிஜனேற்றம் செய்கிற அதே வேலையை ரப்பரிடமும் காட்டுகிறது. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. குளோரின் கைவைப்பது அங்கேதான். நைட்ரைல் ரப்பரிலும் அந்தப் பிணைப்புகள் உண்டு. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் அவை கிடையாது, பக்கக் கிளைகளில் மட்டும் கொஞ்சம் இருக்கும். அதனால் அது தாக்குப் பிடிக்கிறது.

இதெல்லாம் எவ்வளவு குளோரினுக்கு? உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் குளோரினுக்கு வைத்திருக்கிற வழிகாட்டு உச்சம் லிட்டருக்கு 5 மில்லிகிராம். அமெரிக்காவில் 4 மில்லிகிராம். குழாய்க்கு வந்து சேரும்போது குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இந்த அளவில் ரப்பர் ஒரே நாளில் கெடாது. ஆனால் வாஷர் அதே தண்ணீரில் இரவு பகலாக ஊறிக்கொண்டே இருக்கிறது, அதுவும் நசுங்கிய நிலையில். நசுங்கிய ரப்பரில் விரிசல் சீக்கிரம் விழும். சுடுதண்ணீர்க் குழாயில் இன்னும் மோசம். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த கணக்கு. ஒரே நாளில் பூட்டிய இரண்டு குழாய்களில் சுடுதண்ணீர்ப் பக்கம் முதலில் சொட்ட ஆரம்பிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, கையில் ஒட்டுகிற கறுப்பு மை? அதற்குப் பெரும்பாலும் குளோரமைன் காரணம்.

குளோரமைன் வந்த கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீரை ஆராய்ந்துகொண்டிருந்த யோஹன்னஸ் ரூக் 1974-இல் ஒன்றை வெளியிட்டார்: ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற மக்கிய இலை தழைகளின் கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் (புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள சேர்மங்கள்) உண்டாகின்றன. சில வருடங்களிலேயே, 1979-இல், அமெரிக்கா இவற்றுக்கு உச்ச வரம்பு வைத்தது. பிற்பாடு அதை லிட்டருக்கு 80 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வரம்புக்குள் நிற்கப் பல நகரங்கள் பிடித்த வழி, குளோரினோடு கொஞ்சம் அமோனியா சேர்ப்பது. அப்படிக் கிடைக்கிற மோனோகுளோரமைன் மந்தமானது. கரிமப் பொருளோடு அவ்வளவாக வினைபுரியாது, நீண்ட பைப் வழியில் தீராமல் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரும், நாற்றமும் குறைவு.

மந்தமானது என்றால் ரப்பருக்கும் சாதுவாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் இல்லை. அமெரிக்கக் குடிநீர்ப் பணிகள் சங்கத்தின் ஆராய்ச்சி அமைப்பு 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு குளோரினையும் குளோரமைனையும் பலவகை ரப்பர்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சில விதிவிலக்குகள் போக, குளோரமைனில்தான் ரப்பர் அதிகம் வீங்கியது, விரிசல் ஆழமாக விழுந்தது, நெகிழ்வு வேகமாகப் போனது. இயற்கை ரப்பருக்கும் அதே அமைப்பில் செய்யப்பட்ட செயற்கை ரப்பருக்கும்தான் அடி அதிகம். ரப்பருக்குள் வலுவூட்டக் கரித்தூள் கலந்திருப்பார்கள். மேல்பரப்பு சிதையச் சிதைய அது வெளியே வருகிறது. குளிக்கிற தொட்டியில், ஃப்ளஷ் டேங்கில், குழாய் முனை வலையில் சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் தென்பட்டால் தண்ணீர் அழுக்கு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். துணுக்கை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். மைபோல் ஈஷினால் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஏதோ ஒரு ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது. ஃபிளாப்பர் (ஃப்ளஷ் டேங்கின் அடியில் தண்ணீரை அடைக்கிற ரப்பர் மூடி), இணைப்புக் குழலின் உள்ளுறை, கேஸ்கெட், இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

ஈபிடிஎம் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதுமா என்றால், அதிலும் தரம் பிரிகிறது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் போடலாம், பெராக்சைடும் போடலாம். குளோரமைன் தண்ணீருக்குப் பெராக்சைடில் பதப்படுத்திய ஈபிடிஎம் நன்றாக நிற்கிறது. இதை விற்கிறவரிடம் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் குளோரமைனைத் தாங்கும் என்று தாங்களே அச்சிட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு “அப்போ குளோரினே வேண்டாம்” என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டைஃபாய்டும் காலராவும் குழாய் வழியாக வீடு வீடாகப் போன காலத்தை முடித்து வைத்ததில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வாஷர் கெடுவது அதற்கு நாம் கொடுக்கிற விலை என்றால், சந்தோஷமாகக் கொடுக்கலாம். எனக்கு இருக்கிற குறை வேறு. தண்ணீரில் மருந்தை மாற்றுகிறவர்கள் கிருமியையும் டிரைஹாலோமீத்தேனையும் கணக்குப் போடுகிறார்கள். ஊருக்கு அடியிலும் வீட்டுச் சுவருக்குள்ளும் பழைய தண்ணீரோடு பல்லாண்டாகப் பழகிப்போன உலோகத்தையும் ரப்பரையும் கணக்கில் எடுப்பதில்லை. கெடுதல் பெரும்பாலும் வருவது மாற்றத்தால்.

வாஷிங்டன் நகரம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே 2000-ஆம் ஆண்டு நவம்பரில் குளோரினிலிருந்து குளோரமைனுக்கு மாறினார்கள். அந்நகரின் பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து வருகிற இணைப்பு ஈயக் குழாய். குளோரின் ஓடிய காலத்தில் அதன் உட்சுவரில் ஈய டையாக்சைடு என்ற கரையாத படிவம் உருவாகி, அடியில் இருக்கிற ஈயத்தை மூடியிருந்தது. அந்தப் படிவம் நிலைத்து நிற்கக் குளோரினின் ஆக்சிஜனேற்றும் வலு தேவை. குளோரமைனுக்கு அவ்வளவு வலு கிடையாது. படிவம் சிதைந்து கரைய ஆரம்பித்தது, ஈயம் குடிநீருக்கு வந்தது. நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய வரம்பான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமை அது வெகுவாகத் தாண்டிய செய்தி 2004-இல் பத்திரிகையில் வெடித்தது. அந்த வருடமே ஆர்த்தோபாஸ்பேட் கலக்க ஆரம்பித்தார்கள். அது உலோகத்தோடு சேர்ந்து கரையாத மெல்லிய பூச்சு ஒன்றை உண்டாக்கும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் இந்த விவகாரத்தை விடாமல் துருவியவர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற ஃபிளின்ட் நகரில் நடந்ததை இன்னும் அதிகம் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014 ஏப்ரலில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரித் தண்ணீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கிற பாஸ்பேட்டைக் கலக்கவில்லை, தண்ணீரில் குளோரைடும் (உப்பில் இருக்கிற அயனி, கிருமியைக் கொல்கிற குளோரின் அல்ல) அதிகம். அதே வருடம் அக்டோபரில் அந்த ஊர் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் ஆலை, இந்தத் தண்ணீர் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று அதை நிறுத்திக்கொண்டது. மக்கள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய தண்ணீருக்கு ஊர் திரும்பியது 2015 அக்டோபரில். என்ஜின் பாகத்துக்கு ஆகாத தண்ணீர் வீட்டுப் பித்தளைக்கு எப்படி ஆகும் என்று அப்போதே யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

குளோரைடைப் பற்றிச் சொன்னேன். அது வருகிற வழிகளில் ஒன்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க அலுமினியம் சல்பேட் போடுவார்கள், பழைய படிகாரத்தின் உறவு. சில நிலையங்களில் அதற்குப் பதில் ஃபெரிக் குளோரைடோ பாலிஅலுமினியம் குளோரைடோ போடுகிறார்கள். தண்ணீர் இரண்டிலும் தெளியும். ஆனால் முதலாவது சல்பேட்டை விட்டுப் போகும், மற்றவை குளோரைடை விட்டுப் போகும். செம்புக் குழாயை ஈயப் பற்று வைத்து இணைத்த பழைய வீடுகளில் இந்த வித்தியாசம் பெரிது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் ஒரு சின்ன பேட்டரி. சல்பேட்டைப் போல் குளோரைடின் எடை பாதிக்கு மேல் போனாலே, அதாவது விகிதம் 0.5, 0.6 என்று ஏறினால், அந்த பேட்டரி வேகமாக ஓடி ஈயத்தை அரிக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெளிய வைக்கிற மருந்தை மாற்றியதால் ஈயம் வந்தது என்று யார் முதலில் நினைப்பார்கள்?

பித்தளைக்கும் குளோரைடு எதிரி. சாதாரணக் குழாய்ப் பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம். குளோரைடு அதிகமாகவும் காரத்தன்மை குறைவாகவும் இருக்கிற தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகும். மிஞ்சுவது செந்நிறமான, துளைகள் நிறைந்த, வலுவில்லாத செம்பு. வடிவம் அப்படியே இருக்கும், ஸ்பேனரை வைத்துத் திருகினால் பொலபொலவென்று உதிரும். சீட்டைப் பார்க்கிறபோது மஞ்சளுக்கு நடுவே செம்புத் திட்டுகள் தெரிந்தால் இந்த நோய்தான், வாஷர் மாற்றிப் பயனில்லை. வெளியே போன துத்தநாகம் சில நேரம் வெள்ளையாகப் பொங்கி வால்வுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துவிடுவது சுலபம். மிகக் கொஞ்சம் ஆர்சனிக் சேர்த்து இந்த அரிப்பைத் தாங்கும்படி செய்த பித்தளை கிடைக்கிறது. ஆர்சனிக் என்றதும் பயப்பட வேண்டாம், உலோகத்துக்குள் கட்டுண்டு இருக்கிற சொற்ப அளவு அது.

உண்மையான சுண்ணாம்புப் படிவம் இன்னொரு கதை. தண்ணீர் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைக்குமா, கரைத்து எடுக்குமா என்று கணிக்க பெர்க்லியில் பேராசிரியராக இருந்த வில்ஃபிரட் லாங்கலியர் 1936-இல் ஒரு குறியீட்டைக் கொடுத்தார். எண் பூஜ்யத்துக்கு மேலே போனால் படியும், கீழே போனால் கரைக்கும். நிலையங்களில் கடைசியாகச் சுண்ணாம்போ சோடா சாம்பலோ போட்டு பிஎச்சை ஏற்றுவதற்கு ஒரு காரணம், தெளிய வைக்கப் போட்ட அலுமினியம் சல்பேட் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுவது. ஒரு மில்லிகிராம் அலுமினியம் சல்பேட் சுமார் அரை மில்லிகிராம் காரத்தைச் செலவாக்கும். அதை ஈடு செய்யாமல் அனுப்பினால் தண்ணீர் பசியோடு பைப்புக்குள் நுழையும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் ஷவர் துளைகள் அடைக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஆற்றுத் தண்ணீரில் அந்த இடத்தில் நிற்பது சாதாரண வேலை இல்லை. குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

இப்போது பலர் வீட்டில் கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கிற செராமிக் டிஸ்க் குழாய் இருக்கிறது. வாஷரே இல்லாத குழாய், சொட்டாது என்று விற்கிறார்கள். பாதி உண்மை. வழுவழுப்பாகத் தேய்த்த இரண்டு அலுமினா தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தண்ணீரை மறிக்கும். குளோரின் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தத் தட்டுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜின் அடியில் ஒரு ரப்பர் வளையம், தண்டைச் சுற்றி ஓ-ரிங் என்று பழைய எதிரிக்குப் பழைய இரை அங்கேயும் இருக்கிறது. தட்டுகளுக்கு நடுவே சுண்ணாம்புத் துகளோ துருவோ மாட்டினால் கீறல் விழுந்து அதுவும் சொட்டும். ஓ-ரிங்குக்கு மசகு போடுகிறபோது வாஸலினை எடுக்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் ஈபிடிஎம்மை வீங்க வைக்கும். சிலிகோன் கிரீஸ்தான் சரி.

பைப்பைப் பற்றிச் சுருக்கமாக. பிவிசிக்கும் சிபிவிசிக்கும் குளோரினால் பெரிய ஆபத்து இல்லை, அவற்றின் உடம்பிலேயே குளோரின் இருக்கிறது. பாலிஎத்திலீன் வகைகளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருள் கலந்திருப்பார்கள். குளோரின் முதலில் அதைத்தான் செலவாக்கும், தீர்ந்த பிறகு பிளாஸ்டிக்கைத் தொடும். குளோரின் டையாக்சைடு போடுகிற ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். செம்புக் குழாயில் ஊசித்துளை விழுவதற்கு ஒரு காரணமாக, உயர்ந்த பிஎச், குளோரின், தெளிய வைத்ததில் மிஞ்சிய அலுமினியம் மூன்றும் ஒன்றுசேர்வதை எட்வர்ட்ஸின் குழு ஆய்வகத்தில் காட்டியது. 1970-களின் கடைசியிலிருந்து 1995 வரை அமெரிக்க வீடுகளில் ஏராளமாகப் போட்ட பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் பைப்புகளின் கதைதான் பெரும் கதை. பைப்பும் அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் செய்த அதன் இணைப்பான்களும் குளோரின் தண்ணீரில் நொறுங்கி வீடு வீடாக ஒழுகின. வழக்கு 1995-இல் 95 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் நிலையத்தில் போடுகிற மருந்து. நாமே வீட்டுக்குள் போடுகிறவை பல சமயம் இதைவிடக் கொடுமையானவை. ஃப்ளஷ் டேங்குக்குள் போடுகிற குளோரின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருக்கிற இடத்தில், இரவெல்லாம் யாரும் ஃப்ளஷ் செய்யாத டேங்கில் அது பல மடங்கு ஏறும். ஃபிளாப்பர் கோணிக்கொள்ளும், ஓரம் சுருங்கும், தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரை போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் அச்சிட்டிருப்பது சும்மா இல்லை. கிணற்றையோ தொட்டியையோ மொத்தமாகக் கிருமி நீக்க லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை குளோரின் போடுவதுண்டு. அது தேவையான வேலை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சொன்ன நேரத்துக்கு மேல் பைப்பில் நிறுத்தி வைக்காமல், வாடை போகிறவரை திறந்துவிட்டு அலச வேண்டும்.

கடினநீரை மென்மையாக்குகிற கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவத் தொல்லை தீரும், கூடவே உலோகத்தைக் காக்கிற படிவமும் உண்டாகாமல் போகும். ஆர்ஓ தண்ணீர் இன்னும் வெறுமையானது, காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. அதைச் செம்பிலோ சாதாரணப் பித்தளையிலோ ஓட்டக் கூடாது. அதற்குத்தான் பிளாஸ்டிக் குழலும் தனிக் குழாயும் தருகிறார்கள். அழகுக்காக அந்தக் குழாயை மாற்றுகிறவர்கள் உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அப்புறம் அந்த ஸ்டீல் பின்னல் போட்ட இணைப்புக் குழல். சிங்க்குக்கு அடியில், ப்ளீச் பாட்டில் மூடி சரியாக மூடாமல், அதற்குப் பக்கத்திலேயே குழல். ப்ளீச்சின் ஆவி பின்னல் கம்பிகளை வெளியிலிருந்து அரிக்கும். இழுவிசையில் இருக்கிற கம்பி ஒவ்வொன்றாக அறும், ஒரு நாள் குழல் வெடிக்கும். சொட்டுகிற குழாய் தொந்தரவு, வெடித்த குழல் வெள்ளம். பாட்டிலை இடம் மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஷவரிலும் குழாய் முனையிலும் இருக்கிற சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்க அவற்றை வினிகரில் ஊறப்போடுங்கள், வலுவான அமிலம் குரோம் பூச்சைத் தின்னும். ப்ளீச்சோடு அமிலத்தையோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், வருவது நச்சு வாயு.

சொட்டுக்கு ஒரு கணக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர். நொடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, 21.6 லிட்டர். வாஷர் மாற்ற அரைமணி போதும். மெயின் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, சீட்டை விரலால் தடவிப் பார்த்து, கோடோ திட்டோ இருந்தால் தேய்த்துச் சமப்படுத்தி, ஈபிடிஎம் வாஷர் போட்டு, தண்ணீர் நிற்கிற அளவுக்கு மட்டும் திருகினால் போதும். அதற்கு மேல் ஒரு திருகும் வேண்டாம்.

தண்ணீர் வழங்குகிறவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு: குளோரினா குளோரமைனா, சமீபத்தில் ஏதாவது மருந்தை மாற்றினீர்களா. குளோரமைன் போடுகிற பல ஊர்களில் வருடத்துக்கு ஒரு முறை சில வாரங்கள் வெறும் குளோரினுக்கு மாறுவார்கள். அமோனியாவைத் தின்று பைப்புக்குள் பெருகுகிற பாக்டீரியாவை ஒழிக்கிற ஏற்பாடு அது. வாடை தூக்கலாக இருக்கும், பைப்புகளில் ஒட்டியிருந்ததெல்லாம் பெயர்ந்து வரும். அந்த வாரங்களில் குழாய் முனை வலையை அடிக்கடி கழற்றி அலசுங்கள். தண்ணீர் மெல்லிசாக வருகிறதே என்று கார்ட்ரிட்ஜை மாற்றப் போகிறவர்கள் முதலில் அந்த வலையைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம்.